மும்முனை மோட்டாரும் பழைய லேத்தும்: குமரி மாவட்டத்தில் ஒரு தேடல்

வியாழன்: கோட்டாறு, கோணம்

வீட்டின் பின்புறம் ஓலைக் கொட்டகையாகக் கிடந்த இடத்துக்குக் கான்கிரீட் தளமும் தகரக் கூரையும் போட்டு, அதைச் சிறு பட்டறையாக மாற்றியிருக்கிறேன். வைஸ், டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட் எல்லாம் வந்துவிட்டன. இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் லேத் மட்டும்தான் பாக்கி. புதிய லேத்துக்குக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை. அதைவிட முக்கியமாக, என்னால் கொடுக்க முடிகிற தொகைக்கு வரும் புதிய இலகுரக இயந்திரத்தைக் காட்டிலும், கனமான வார்ப்பிரும்பில் செய்யப்பட்ட பழைய இயந்திரமே நல்ல வேலை தரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதி தொடங்குவதற்குள் மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்து ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, இன்று காலை தக்கலையிலிருந்து புறப்பட்டேன். வாழ்நாளெல்லாம் லேத்தில் கடையும் டர்னராக வேலை பார்த்து ஓய்ந்திருக்கும் மேஸ்திரி ஒருவர் துணைக்கு வந்தார்.

கோட்டாறில் பழைய இரும்பு வாங்கி விற்கும் கடைகளை முதலில் பார்த்தோம். ஒரு கடையின் முன்புறத்தில் பச்சைப் பெயிண்ட் காயாத லேத் ஒன்று நின்றது. மேஸ்திரி பெயிண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து, லேத்தின் நீண்ட அடித்தண்டவாளமான பெட்டின் மேல் விளிம்பில், கடையும் பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் விரல் நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தார். வெட்டும் டூலைச் சுமந்து பெட்டின் மேல் நகரும் சேடில் ஓடித் தேய்ந்த இடத்துக்கும் ஓடாத இடத்துக்கும் நடுவே நகம் தட்டி நின்றது. "இது போதும் மக்ளே, அடுத்ததப் பாப்போம்" என்று சொல்லி நடக்கத் தொடங்கிவிட்டார்.

லேத்தில் பெரும்பாலான வேலை சக்கை ஒட்டிய ஓர் அடி, ஒன்றரை அடிக்குள்ளேயே நடந்து முடிகிறது. ஆகையால் பெட் அங்கே மட்டும் குழிகிறது. மறுமுனையில் பொருளைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம் புதிதாகவே இருக்கிறது. நகத்தால் தெரியாத தேய்மானத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. சேடிலைச் சக்குப் பக்கம் கொண்டுவந்து, அதன் பூட்டு போல்ட்டை, கைச்சக்கரம் சற்றே இறுகித் திரும்பும் அளவுக்கு முறுக்கிவிட்டு, மெல்ல டெயில்ஸ்டாக்கை நோக்கி நகர்த்த வேண்டும். பாதி வழியிலேயே அது இறுகி நின்றுவிட்டால் பெட் குழிந்திருக்கிறது என்று பொருள். சறுக்குப் பகுதிகளின் தளர்வை அடைக்கும் கிப் பட்டையையோ, டூலைக் குறுக்காக நகர்த்தும் ஸ்க்ரூவின் நட்டையோ, பேரிங்கையோ மாற்றிக்கொள்ளலாம். பெட்டை மீண்டும் நேராக்க அதைப் பெரிய கிரைண்டிங் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். அந்தச் செலவில் வேறொரு லேத்தே வாங்கிவிடலாம்.

மதியத்துக்கு மேல் கோணம் தொழிற்பேட்டைக்குப் போனோம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி எல்லாம் அருகருகே இருக்கும் பகுதி என்பதால், இயந்திரங்களோடு பழகியவர்களை அங்கே எளிதாகச் சந்திக்க முடிகிறது. ஒரு பட்டறையில் எச்.எம்.டி. லேத் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 1953-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட அந்த அரசு நிறுவனத்தின் இயந்திரங்களையும், 1941-இல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கரின் லேத்களையும் தொட்டு வேலை பழகிய தலைமுறை மேஸ்திரியுடையது. அவர் அந்த லேத்தில் சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் மேல் கையை வைத்துச் சற்று நேரம் அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது விற்பனைக்கு இல்லை. இருந்திருந்தாலும் அந்த எடையை என் தளம் தாங்காது.

அந்தப் பட்டறைக்காரர் சொன்ன ஒரு செய்திக்காகவே இன்றைய அலைச்சல் தகும். வீட்டில் லேத் வைக்க விரும்பிக் கேட்டு வருகிறவர்கள் மும்முனை (த்ரீ ஃபேஸ்) மோட்டாரைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுகிறார்களாம். வீட்டில் இருப்பது ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு, இது ஓடாது என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். பெரிய பட்டறைகளோ கணினியில் ஓடும் இயந்திரங்களுக்குப் போய்விட்டன. நடுவில் நிற்கும் நல்ல லேத்கள் எடைக்குப் போய் உருக்கப்படுகின்றன. நல்ல பெட் உள்ள இயந்திரம் ஒன்று மோட்டாரின் பொருட்டு உலைக்குப் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மோட்டார்தான் லேத்தில் எளிதாக வழிசெய்யக்கூடிய பகுதி.

வெள்ளி: மார்த்தாண்டம், குலசேகரம்

மார்த்தாண்டத்தில் இரும்பு மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில் காலைப் பொழுதைக் கழித்தோம். நான் கேட்க நினைத்தது ஒரே ஒரு விஷயம்: மும்முனை மோட்டாரை வீட்டு மின்சாரத்தில் ஓட்டுவதற்கு உள்ளே என்ன மாற்ற வேண்டும்? கடைக்காரர் பதில் சொல்லாமல், மேசையில் இருந்த 2 ஹெச்.பி. மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து காட்டினார். ஆறு ஒயர் முனைகள் இரண்டு வரிசையாக நின்றன; ஒரு வரிசையின் மூன்று முனைகளையும் ஒரே பித்தளைப் பட்டை இணைத்திருந்தது. மூன்று காயில்களின் ஒரு நுனியை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டார் இணைப்பு அது. நேம் பிளேட்டில் 415 வோல்ட் ஸ்டார், 240 வோல்ட் டெல்டா என்று இரண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. பட்டைகளைக் கழற்றி, எதிரெதிர் முனைகளை மேலும் கீழுமாக இணைத்தால், காயில்கள் முக்கோணமாகக் கோக்கப்படும் டெல்டா ஆகிவிடுகிறது. அதே மோட்டார் 230 வோல்ட் மும்முனையில் முழு வலுவோடு ஓடும். வீட்டு ஒருமுனை மின்சாரத்தை வாங்கி 230 வோல்ட் மும்முனையாக வெளியே தரும் கருவிதான் வி.எஃப்.டி. என்னும் டிரைவ்.

நம் நாட்டில் 2 ஹெச்.பி. வரையுள்ள மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாராகவே கட்டப்படுகின்றன என்பதால் இந்த வழி சுலபமாகிறது. 3 ஹெச்.பி.யும் அதற்கு மேலும் உள்ளவை வழக்கமாக 415 வோல்ட்டுக்கே டெல்டாவாக இருக்கும். அவற்றை ஒருமுனை டிரைவில் இணைத்தால் வலு கிடைக்காது. மூன்று முனைகள் மட்டும் வெளியே வரும் பழைய மோட்டார்களில், காயிலுக்குள் புதைந்திருக்கும் ஸ்டார் முடிச்சைத் தேடிப் பிரித்து மூன்று ஒயர்களை வெளியே கொண்டுவர வேண்டியிருக்கும். அதைச் செய்து தருவதாகக் கடைக்காரர் சொன்னார். இனிமேல் லேத் பார்க்கப் போகும்போது பெட்டுக்கு அடுத்தபடியாக டெர்மினல் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

பிற்பகலில் ஆற்றூர், திருவட்டாறு வழியாகக் குலசேகரம் போனோம். வழிநெடுக ரப்பர் தோட்டங்கள். ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் பார்க்க நிறைய இருந்தது, வாங்க ஒன்றும் இல்லை.

சனி: குளச்சல்

இரணியல், திங்கள்நகர் தாண்டிக் குளச்சலை நெருங்கும்போதே காற்றில் உப்பு தெரிந்தது. மேஸ்திரி முகம் சுளித்தார். கடற்கரைப் பட்டறைகளில் இருக்கும் இயந்திரங்களில் தேய்மானத்தைவிடத் துருவே பெரிய பகை.

நாங்கள் தேடிப் போன பட்டறை, விசைப்படகுகளின் புரொப்பல்லர் ஷாஃப்டுகளைக் கடைந்து கொடுத்து வந்த இடம். அதை நடத்தியவர் காலமாகிவிட்டார். மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அம்மா மட்டும் வீட்டில் இருக்கிறார். கதவைத் திறந்துவிட்டு அவர் சொன்னார்: "எடைக்கு எடுக்கேன்னு ரெண்டு பேரு வந்தாவ தம்பி. ஒடைக்கக் குடுக்க எனக்கு மனசு வரல்ல." இயந்திரத்தின் மேல் எண்ணெயில் தோய்த்த பழைய வேட்டி ஒன்று போர்த்தப்பட்டிருந்தது. அந்த அம்மா அதை மாதந்தோறும் எடுத்து, மீண்டும் எண்ணெயில் நனைத்துப் போர்த்தி வந்திருக்கிறார். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியிருந்தால் உள்ளே வேர்த்து, இந்நேரம் பெட் முழுவதும் துரு தின்றிருக்கும்.

நாலரை அடி பெட் கொண்ட, பெல்ட்டில் ஓடும் படிக்கட்டு புல்லி லேத் அது. பெட்டில் நகம் எங்கும் தட்டவில்லை. சேடிலை இறுக்கி நகர்த்தியபோது, டெயில்ஸ்டாக்கை எட்டும் தறுவாயில்தான் சிறிது இறுக்கம் தெரிந்தது. படகு ஷாஃப்டுகள் நீளமானவை என்பதால் சேடில் பெட்டின் முழு நீளத்துக்கும் ஓடியிருக்கிறது. தேய்மானம் ஓரிடத்தில் குவியாமல் பரவலாக விழுந்திருக்கிறது என்று மேஸ்திரி விளக்கினார். சக்கைக் கழற்றிவிட்டு, அதைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலின் மூக்கில், நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றினோம். முள் ஒரு கோட்டுக்குள்ளேயே, அதாவது 0.01 மில்லிமீட்டருக்குள், நின்றது. பிறகு ஒரு மரக்கட்டையை நெம்புகோலாகக் கொடுத்து ஸ்பிண்டிலை மேலே தூக்கிப் பார்த்தோம். முள் 0.03 வரை போய் வந்தது. முன் பேரிங்கைச் சற்று இறுக்கினால் சரியாகும் அளவுதான் அது. குறுக்கு ஸ்லைடின் ஸ்க்ரூவில் ஆட்டம் அதிகம். கைப்பிடி கால் சுற்றுச் சுற்றிய பிறகே டூல் நகர்ந்தது. அது என்னைக் கவலைப்படுத்தவில்லை. வெண்கல நட்டு ஒன்றைக் கடைந்து போட்டால் தீர்ந்துவிடும், அதைக் கடைவதற்கு இந்த லேத்தே இருக்கிறது.

டெர்மினல் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஆறு முனைகள் இருந்தன. 2 ஹெச்.பி., 415 வோல்ட் ஸ்டாரில் 3.3 ஆம்பியர், நிமிடத்துக்கு 1440 சுற்று. நான் எதிர்பார்த்து வந்தது இதைத்தான்.

பட்டறையின் மும்முனை இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை என்பதால் ஓட்டிப் பார்க்கவும் முடிந்தது. ஓட்டாமலும் வெட்டாமலும் லேத் வாங்கக் கூடாது. 25 மி.மீ. கம்பி ஒன்றைச் சக்கில் 100 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்து, மெல்லிய வெட்டு ஒன்று கொடுத்து, இரண்டு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்தோம். வித்தியாசம் 0.03 மி.மீ. தரையில் சமமாக உட்காராத லேத் என்பதால் இதில் பாதி பெட்டின் முறுக்கமாக இருக்கலாம் என்றார் மேஸ்திரி.

மர அலமாரியில், வெட்டும் மரையின் (திருகுப் புரியின்) அளவுக்கேற்ப மாட்டும் மாற்றுப் பற்சக்கரங்கள் கம்பியில் கோத்து வைக்கப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்ததில் 127 பல் சக்கரம் மட்டும் இல்லை. மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ இந்த லேத்தில் அங்குலத்துக்கு 4 மரை கொண்டது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால்தான் 127 என்னும் முழு எண் கிடைக்கிறது. ஆகவே அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரையைப் பிசகில்லாமல் வெட்ட அந்தச் சக்கரம் அவசியம். அது இல்லாததைச் சொல்லி விலையைக் குறைக்க மேஸ்திரி முயலவில்லை, நானும் முயலவில்லை. 58,000 ரூபாய் பேசி முன்பணம் கொடுத்தோம். எடைக்குக் கேட்டவர்கள் சொன்ன தொகையைவிட இது கணிசமாகக் கூடுதல்; இந்த இயந்திரத்துக்கு அது தகும்.

திங்கள்: குளச்சலிலிருந்து தக்கலைக்கு

லேத்தை இடம் மாற்றுவது அவசரப்பட முடியாத வேலை. எடை முழுவதும் ஹெட்ஸ்டாக் பக்கம் குவிந்து, அடி குறுகி, தலை கனத்து நிற்பதால் சற்றே சாய்ந்தாலும் கவிழ்ந்துவிடும். மோட்டார், சக், டெயில்ஸ்டாக் மூன்றையும் முதலில் கழற்றித் தனியாக ஏற்றினோம். செயின் பிளாக்கின் பெல்ட்டைப் பெட்டின் குறுக்கு விலாக்களுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினோம். லீட் ஸ்க்ரூவும், சேடிலைத் தானாக ஓட்டும் ஃபீட் ராடும் பெல்ட்டுக்கும் பெட்டுக்கும் நடுவே சிக்கினால் வளைந்துவிடும். வளைந்த லீட் ஸ்க்ரூவை நேராக்குவது மிகக் கடினம். அதனால் இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்துப் பெல்ட்டை அவற்றிலிருந்து விலக்கி வைத்தோம். சேடிலை டெயில்ஸ்டாக் பக்கமாக நகர்த்திப் பூட்டியதும் சமநிலை கிடைத்தது.

மினி லாரி வீட்டுக்கு வந்த பிறகு, இரண்டு அங்குலக் குழாய்களின் மேல் உருட்டி, கடப்பாரையால் நெம்பி, அங்குலம் அங்குலமாக உள்ளே கொண்டுபோனோம்.

புதன்: தக்கலை, மின்சாரம்

இன்று முழுவதும் ஒயரிங். மும்முனை இணைப்புக்கே விண்ணப்பித்துவிடலாமே என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். கூலிக்கு வேலை எடுத்துச் செய்வதாக இருந்தால் அதுதான் முறை. வீட்டு இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது, அதற்கான கட்டணப் பிரிவே வேறு. என் தேவை வீட்டுக்கும் சொந்தப் பொழுதுக்குமான வேலை மட்டும். இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் ரப்பர் மரமும் தென்னை மட்டையும் கம்பியில் விழுந்து ஒரு முனை (ஃபேஸ்) மட்டும் போய்விடுவது நம் பக்கத்தில் வழக்கம். அப்போது மும்முனை மோட்டார் மீதி இரண்டு முனைகளில் இழுத்துப் பிடித்து ஓடி, கரண்டைக் கூடுதலாக வாங்கிக் காயில் கருகிவிடும். தக்க தடுப்புக் கருவி இல்லாத எத்தனையோ பம்ப் செட்டுகள் இப்படிப் போயிருக்கின்றன.

ஒருமுனை மோட்டாரையே மாட்டிவிடுவது இன்னொரு வழி. மலிவானதுதான். ஆனால் ஒருமுனை மோட்டாரின் விசை சீராக வருவதில்லை, துடித்துத் துடித்து வருகிறது. அந்தத் துடிப்பு கடைந்த பரப்பில் வரிகளாக விழக்கூடும். கிளம்பும்போது அது பல மடங்கு கரண்டை ஒரேயடியாக இழுப்பதால் வீட்டு விளக்குகளும் மங்கும். டிரைவ் சில விநாடிகளில் மெல்ல வேகமேற்றுவதால் அந்த இடி இல்லை. கெபாசிட்டர் வைத்து மூன்றாம் முனையை ஒப்பேற்றும் பழைய முறையில், மோட்டாரின் வலுவில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே பெரிது. எல்லாவற்றையும் எடை போட்டு 2 ஹெச்.பி. டிரைவ் ஒன்றை வாங்கி வந்தேன்.

மீட்டர் பெட்டியிலிருந்து பட்டறைக்கு 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் தனியாக இழுத்து, 20 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருக்கிறோம். எர்த்துக்குத் தனிக் குழி. டிரைவின் உள்ளிருக்கும் வடிகட்டிகள் எப்போதும் சிறிது கரண்டை எர்த்துக்குக் கசியவிடும் என்பதால், கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டின் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழ வாய்ப்புண்டு. அதற்காக எர்த்தைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. டிரைவுக்கு ஏற்ற வகை ஆர்.சி.சி.பி.யைப் பட்டறை லைனுக்குத் தனியாக எலக்ட்ரீஷியன் பொருத்தித் தந்தார்.

மோட்டாரை டெல்டாவுக்கு மாற்றியதும், டிரைவில் கரண்ட் அளவாக 3.3-ஐக் கொடுக்கக் கூடாது, அதை 1.732-ஆல் பெருக்கி 5.7 என்று கொடுக்க வேண்டும். வோல்ட் 230, ஹெர்ட்ஸ் 50, சுற்று 1440. லேத்தில் ஏற்கெனவே இருந்த முன்-பின் சுவிட்ச் மோட்டாருக்குப் போகும் லைனில் இருந்தது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே எந்த சுவிட்சும் இருக்கலாகாது. ஓட்டத்தில் அதைத் திருப்பினால் டிரைவ் எரிந்துவிடக்கூடும். அந்தச் சுவிட்சையே டிரைவின் குறைந்த வோல்ட் கட்டுப்பாட்டு முனைகளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டோம். கைப்பிடி பழைய இடத்திலேயே இருக்கிறது.

இந்த லேத்தில் சக் மரையில் ஏறி நிற்கிறது. டிரைவில் சடாரென்று நிறுத்தும் பிரேக்கையோ, உடனே பின்னோக்கித் திருப்பும் வசதியையோ இயக்கினால், ஸ்பிண்டில் நின்றும் சக்கின் வேகம் நிற்காமல் மரையைக் கழற்றிக்கொண்டு வெளியே பாயும். ஆகவே நிற்கும் நேரத்தை நீட்டி, பிரேக்கை முற்றிலும் அணைத்து வைத்திருக்கிறேன். வேகத்தைக் குமிழால் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காகப் புல்லிப் படிகளை மறந்துவிடவும் கூடாது. டிரைவில் வேகத்தைக் குறைக்கும்போது முறுக்கு விசை கூடுவதில்லை, மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றிச் சூடேறும். பெல்ட்டை ஸ்பிண்டில் புல்லியின் பெரிய படிக்கு மாற்றினால்தான் உண்மையான வலு கிடைக்கிறது.

வெள்ளி: தக்கலை

மேஸ்திரி இரவல் வாங்கி வந்த துல்லிய மட்டத்தைப் பெட்டின் குறுக்கே வைத்து, நான்கு அடி போல்ட்டுகளையும் மாற்றி மாற்றித் திருகி, இரண்டு முனைகளிலும் குமிழி ஒரே இடத்தில் நிற்கும்வரை காலை முழுவதும் செலவிட்டோம். பிறகு அதே அளவுக் கம்பியை அதே நீளத்துக்கு நீட்டிக் கடைந்து அளந்தோம், வித்தியாசம் 0.01 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. மேஸ்திரி மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, டீ கேட்டார்.

வெண்கல நட்டுக்கான உருளையைச் சக்கில் பிடித்திருக்கிறேன். 127 பல் சக்கரம் வெட்டுவதற்குக் கோணத்துப் பட்டறைக்காரரிடம் தொலைபேசியில் பேசியாயிற்று. 127 பகா எண் என்பதால், வட்டத்தைச் சம பங்குகளாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டின் வழக்கமான துளைத் தட்டுகளில் அதைப் பிரிக்க முடியாது. கூடுதல் பற்சக்கரங்களைப் பூட்டி, கைப்பிடி திரும்பும்போது தட்டும் சேர்ந்து நகரும்படி செய்து பிரிக்க வேண்டும். அவரிடம் அந்தச் சக்கரத் தொகுதி முழுமையாக இருக்கிறதாம். அலமாரியிலிருந்த சக்கரங்களில் ஒன்றைப் பல் அளவு பார்ப்பதற்காக எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை போகிறோம்.